தொட்டிக்குள் ஒரு காட்டு மரம்

நகரத்து வரவேற்பறைகளின் செல்லப் பிள்ளையான ஃபைகஸ், ஆலமரத்துக்கு நெருங்கிய சொந்தம். அலட்சியத்தைவிட அளவுக்கு மீறிய அக்கறையால்தான் அது அதிகம் சாகிறது.

நிச்சயதார்த்தம் முடிந்து பதினோராவது நாள். தில்லி மயூர் விஹாரில் எங்கள் இரண்டாவது மாடி ஃப்ளாட்டின் கூடத்தில் காலையில் விளக்கைப் போட்டால் தரையெங்கும் இலைகள். பச்சையும் மஞ்சளுமாக, இரவில் ஒரு புயல் வந்து போனதுபோல. அது 2023 பிப்ரவரி முதல் வாரம். குளிருக்குப் பயந்து ஜன்னல்கள் எல்லாம் அடைத்தே கிடந்தன. காற்று நுழைய வழியே இல்லை.

குற்றவாளி மூலையில் நின்றுகொண்டிருந்தது. 14 அங்குல மண் தொட்டியில் ஆறடி உயர ஃபைகஸ் பெஞ்சமினா. 2011இல் முழங்கால் உயரக் கன்றாக வாங்கியது. கிழக்குப் பார்த்த பால்கனியில் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து வந்தது. அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், கூடத்தின் மூலை வெறிச்சென்று இருக்கிறதே என்று நான்கு பேர் சேர்ந்து அதை உள்ளே தூக்கி வந்தோம். சீரியல் விளக்கு சுற்றினோம். வந்தவர்கள் பெண்ணைப் புகழ்ந்த அளவுக்கு மரத்தையும் புகழ்ந்தார்கள். விழா முடிந்தது. மரம் மூலையிலேயே தங்கிவிட்டது.

இலை உதிர்ந்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். தண்ணீர் ஊற்றினோம். மறுநாளும் ஊற்றினோம். மூன்றாம் நாள் இரண்டு பிடி உரம். ஒரு வாரத்தில் முக்கால்வாசி மரம் மொட்டை. மேல் மாடி மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பவே சொன்னேனே, கேட்டியா? ஆல் ஜாதியை ஆத்துக்குள்ள வைக்கப்படாதுடா" என்றார். கடைசியில் காலனிப் பூங்காவைக் கவனிக்கும் மாலியைக் கூப்பிட்டோம். அவர் தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சேறு. இந்தியில் அவர் சொன்னது மூன்றே வாக்கியம்: தண்ணீரை நிறுத்துங்கள். பழைய இடத்திலேயே வையுங்கள். அப்புறம் ஒன்றும் செய்யாதீர்கள்.

முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் கஷ்டம்.

தலைநகரில் மட்டுமல்ல, மும்பை, பெங்களூர், சென்னை என்று எந்த நகரத்து நர்சரியிலும் வீட்டு அலங்காரத்துக்கென்று விற்கும் மரக்கன்றுகளில் ஃபைகஸ் இனத்துக்கு எப்போதும் இடம் உண்டு. தாவரவியலில் இது ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் அடங்கிய பெரிய குடும்பம். 800க்கு மேற்பட்ட வகைகள். நர்சரிக்காரர் "பெஞ்சமினா" என்று நீட்டுவது சின்ன, பளபளப்பான, நுனி கூர்ந்து தொங்கும் இலைகள் கொண்ட மரம். தமிழில் வெள்ளால் என்று இதைச் சொல்வதுண்டு. இந்தியாவிலிருந்து வட ஆஸ்திரேலியா வரை காடுகளில் தானாக வளர்வது. தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கின் அடையாள மரமும் இதுதான்.

அகலமான, தோல் போன்ற இலையும் சிவப்பு உறை போர்த்திய குருத்தும் கொண்டது ரப்பர் செடி. டயருக்குப் பால் தரும் கேரளத்து ரப்பர் மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது பிரேசிலிலிருந்து வந்த வேறு குடும்பம். நம் வீட்டு ரப்பர் செடியின் சொந்த ஊர் அசாம், மேகாலயா பக்கம். அந்த வரவு முழுமையாக வேரூன்றுவதற்கு முன்னால், 1870களில் ஆங்கிலேய அரசு அசாமில் இதையும் ரப்பருக்காகத் தோட்டம் போட்டுப் பார்த்தது. பிடில் வாத்தியத்தின் வடிவத்தில் பெரிய இலை கொண்ட ஃபிடில் லீஃப், மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டு மரம். பருத்த வேர்கள் வெளியே தெரிய, போன்சாய் என்று விற்கப்படும் குட்டை மரம் பெரும்பாலும் நம் ஊர் கல் இச்சியின் வகை.

இவற்றுக்கெல்லாம் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. எதுவுமே செடி இல்லை. எல்லாம் மரம். பெஞ்சமினாவைத் தரையில் விட்டால் 30 மீட்டர் வரை போகும். ரப்பர் செடியின் வேர்களை ஆற்றின் குறுக்கே இழுத்துப் பின்னி, மேகாலயாவின் காசி, ஜெயந்தியா மக்கள் நடைபாலம் கட்டுகிறார்கள். ஒரு பாலம் பாரம் தாங்கத் தயாராக 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். 2022இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இந்த உயிர்ப் பாலங்கள் இடம்பெற்றன. ஹௌராவில் ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்கு 1925இல் நடு மரம் பூஞ்சை நோயால் வெட்டி எடுக்கப்பட்டது. மரம் அதைப் பொருட்படுத்தவில்லை. 3,000க்கு மேற்பட்ட விழுதுகளின் மேல் நின்றுகொண்டு நாலரை ஏக்கருக்கு மேல் பரவியிருக்கிறது. இந்தக் குடும்பத்துப் பிள்ளையைத்தான் நாம் சோபாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்கிறோம்.

அப்படியானால் ஓர் இடம் மாற்றத்துக்கு ஏன் இப்படி அழுகிறது? காரணம் இலையிலேயே இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் உருவான இலை சிறியதாக, தடித்து இருக்கும். அந்த வெளிச்சத்துக்கென்றே செய்யப்பட்டது. இருட்டு மூலைக்கு வந்ததும் அந்த இலை சம்பாதிப்பதைவிடச் செலவு அதிகம். மரம் கணக்குப் பார்த்து அதைக் கழற்றி விடுகிறது. பிறகு, புதிய இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற, சற்று அகலமான, மெல்லிய இலைகளைப் புதிதாக விடுகிறது. வெளிச்சம் அறவே போதாவிட்டால் விடுவதில்லை. நர்சரியில் திறந்த வெளியில் வளர்ந்த பெஞ்சமினா, வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று வாரத்தில் இலை கொட்டுவதும் இதனால்தான். அது நோய் அல்ல.

ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. இலைகள் போய்விட்டால் மரம் குடிக்கும் தண்ணீரும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் நாம் பதறிப்போய்த் தினமும் ஊற்றும் தண்ணீர் தொட்டியிலேயே தேங்குகிறது. வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்குகிறது. வேர் அழுகியதால் மிச்ச இலையும் வாடுகிறது. வாடியதைப் பார்த்து இன்னும் ஒரு குடம். எங்கள் வீட்டில் நடந்தது இதுவேதான்.

மரம் செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. இன்னும் கொஞ்சம் கீழே கீறிப் பாருங்கள். நுனிக் கிளைகள் போனாலும் அடிமரம் பச்சையாக இருக்கும் வரை நம்பிக்கை உண்டு.

சரி, இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? பகலில், விளக்குப் போடாமல், அந்த இடத்தில் கையை நீட்டுங்கள். நிழலின் விளிம்பு தெளிவாக விழுந்தால் நல்ல இடம். நிழலே விழவில்லை என்றால் அங்கே ஃபைகஸ் வேண்டாம். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழும் கிழக்கு ஜன்னலோ பால்கனியோ உத்தமம். தில்லி மே மாதத்து மதிய வெயிலில், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால், இலை கருகும். ஏ.சி.யின் காற்றும் குளிர்காலத்து ரூம் ஹீட்டரின் அனலும் நேராகப் படக் கூடாது. இலையில் வெள்ளைக் கரை போட்ட வகைகளுக்குப் பச்சை வகையைவிட வெளிச்சம் கூடுதலாகத் தேவை. புதிதாக வாங்கிய கன்றை முதலில் பால்கனி நிழலில் இரண்டு வாரம் வைத்து, பிறகு உள்ளே கொண்டுபோனால் அதிர்ச்சி குறையும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பினால் மரம் ஒரு பக்கமாகச் சாயாது.

தண்ணீருக்கு நாள் கணக்கு கிடையாது, விரல் கணக்குதான். மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வழியும் வரை ஊற்ற வேண்டும். அடுத்த முறை மறுபடி காயும் வரை தொடக் கூடாது. தில்லியில் ஜூன் மாதம் அன்றாடம்கூடத் தேவைப்படலாம். ஜனவரியில் பத்து நாளைக்கு ஒருமுறை போதும். மும்பை மழைக் காலத்தில் வாரக்கணக்கில் கேட்காது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வேருக்கும் கெடுதல், டெங்கு கொசுவுக்கும் அது பிறந்த வீடு. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் படியும். சில மாதங்களுக்கு ஒருமுறை மழைத் தண்ணீரையோ நல்ல தண்ணீரையோ தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவி விடலாம்.

மண் கலவை பெரிய ரகசியம் இல்லை. தோட்ட மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய எரு ஒரு பங்கு, ஆற்று மணலோ தென்னை நார்க் கழிவோ ஒரு பங்கு. தண்ணீர் தேங்காமல் இறங்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டி மண்ணால் ஆனதாக இருப்பது நல்லது. சுவர் வழியே ஈரம் காயும். தில்லியில் மே மாதப் புழுதிப் புயல் அடிக்கும்போது பிளாஸ்டிக் தொட்டி போல உருளாது. வளரும் காலமான மார்ச் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை இரண்டு பிடி மண்புழு உரம். குளிர்காலத்தில் வேண்டாம். மெலிந்து கிடக்கும் மரத்துக்கு உரம் போடுவது, காய்ச்சல்காரருக்குக் கல்யாண விருந்து போடுவது மாதிரி.

பூச்சிகள் அதிகம் இல்லை, ஆனால் பிடிவாதமானவை. இலைக் காம்பில் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. தண்டில் பழுப்புப் பொருக்குப் போல இருப்பது செதில் பூச்சி. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் கலந்து மாலையில் தெளிக்கலாம். ஒரே வாரத்தில் போகாது. வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு தடவை. பெஞ்சமினாவின் இளம் இலைகள் நடுவில் மடிந்து பர்ஸ் போல மூடிக்கொண்டால், திறந்து பாருங்கள். உள்ளே கறுப்பாக ஊரும் சின்னஞ்சிறு இலைப்பேன்கள் இருக்கும். மருந்து உள்ளே எட்டாது. அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறிவதே வழி.

ஃபைகஸ் நல்லது செய்யும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் மரம் என்று விற்பனைச் சீட்டில் எழுதியிருக்கும். 1989இல் அமெரிக்காவின் நாசா வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு மூலம். அதில் சோதனை நடந்தது மூடிய கண்ணாடிப் பெட்டி போன்ற அறைக்குள். அப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, ஒரு கட்டடத்தில் சாதாரணமாக நடக்கும் காற்றோட்டத்துக்குச் சமமாக வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வைக்க வேண்டியிருக்கும் என்று கணக்குச் சொன்னது. அதைவிட ஜன்னலைத் திறப்பது சுலபம். தில்லி நவம்பரில் அதுவும் முடியாது என்பது வேறு கதை.

கெடுதலும் கொஞ்சம் உண்டு. கிளையை ஒடித்தால் வரும் வெள்ளைப் பால் தோலில் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு பெஞ்சமினாவின் இலைத் தூசியே தும்மலையும் மூச்சிரைப்பையும் கிளப்பும். மாதம் இரண்டு முறை ஈரத் துணியால் இலைகளைத் துடைத்தால் தூசியும் குறையும், மரமும் பளிச்சென்று இருக்கும். கவாத்து செய்யும்போது கையுறை நல்லது. இலையைக் கடிக்கும் பூனை, நாய், தவழும் குழந்தை உள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

மாமி சொன்ன ஆல் ஜாதி விஷயத்துக்கு வருவோம். வீட்டில் ஆல், அரசு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எனக்குத் தெரிந்த காரணம் சொந்த அனுபவம். 2008இல் யமுனைக்குக் கிழக்கே ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். தொட்டியில் இருந்த ஒரு பெஞ்சமினாவை, பாவம் தரையில் சுகமாக இருக்கட்டும் என்று காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நட்டேன். 2010இல் வீட்டைக் காலி செய்தபோது அது என் உயரம். நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2015இல் வீட்டுக்காரர் போன் செய்தார். திட்டவில்லை, வந்து பார்க்கச் சொன்னார். சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. சாக்கடைக் குழாய்க்குள் தலைமுடியைத் திணித்தாற்போல வேர். தண்ணீர் வாசனை பட்டால் இந்த வேர் எந்த இணுக்கிலும் நுழைந்துவிடும்.

வெட்டிவிடலாமே என்றால் சட்டம் இருக்கிறது. தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம், 1994இன்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. குறுக்களவும் ஒரு மீட்டர் உயரமும் இருந்தால் அது மரம். வெட்ட வன அதிகாரியின் அனுமதி வேண்டும். வெட்டினால் பதிலுக்கு மரம் நட்டுப் பராமரிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 1975இலிருந்தும் கர்நாடகத்தில் 1976இலிருந்தும் இதுபோன்ற சட்டங்கள் உள்ளன. மனு, ஆய்வு, அனுமதி எல்லாம் ஆகி மரம் விழுந்தபோது நானும் போயிருந்தேன். நிழலுக்கு வந்து நிற்கும் இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் என்னைப் பார்த்து, "நல்ல மரம் சாப்" என்றார். தப்பு மரத்தினுடையது இல்லை. நட்ட கையினுடையது. கட்டடத்திலிருந்தும் குழாயிலிருந்தும் குறைந்தது பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ நட்டிருந்தால் அது இன்னும் இருந்திருக்கும்.

அதனால்தான், பால்கனி மரம் கூரையைத் தொட்டபோது, கீழே சுவரோரம் நட்டுவிடலாமே என்று காலனிக் கமிட்டிக்காரர் சொன்னதற்கு நான் சம்மதிக்கவில்லை. தொட்டி மரத்தைத் தொட்டியிலேயே வைத்திருக்க வேறு வழி உண்டு. 2024 ஜூலையில், முதல் மழை பெய்த வாரத்தில், மாலியும் நானும் மரத்தைத் தொட்டியிலிருந்து உருவினோம். உள்ளே மண்ணே இல்லை. வேர் வேராக வட்டம் போட்டு, தொட்டியின் வடிவத்திலேயே ஒரு கட்டி. வெளிச்சுற்று வேரில் கால் பங்கை அவர் கத்தியால் சீவி எடுத்தார். மேலே அதே அளவுக்குக் கிளைகளைக் குறைத்தார். புது மண் போட்டு அதே தொட்டியில் வைத்து, மூன்று வாரம் வெயில் படாமல் நிறுத்தினோம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால், 30 மீட்டர் போகக்கூடிய மரம் ஆறடியில் நிற்கும்.

முன்னே சொன்ன மொட்டை மரம் பிழைத்ததா என்று கேட்கலாம். மாலி சொன்னபடி பால்கனிக்கே திருப்பினோம். இருபது நாள் தண்ணீர் ஊற்றவில்லை. நான் தினமும் போய் நகத்தால் கீறிப் பார்த்து, பட்டை முழுக்கத் தழும்பு ஆக்கியதுதான் மிச்சம். மார்ச் இரண்டாம் வாரம் கிளைகளில் ஊசி முனை மாதிரி பச்சைத் துளிர்கள். ஏப்ரலில் பழைய மரம்.

அந்த ஜூன் கடைசியில் ஒரு கிளையில் விண்பதியம் போட்டோம். பென்சில் கனக் கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான நாரை வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்ட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். அப்போது கீழே வெட்டித் தொட்டியில் வைத்தால் புது மரம். செப்டம்பரில் அக்கா மகளுக்குக் கல்யாணம் ஆகிப் புனேவுக்குக் கிளம்பியபோது, ஆறங்குலத் தொட்டியில் அதுவும் கூடப் போயிற்று.

"இடத்தை ஒரு தடவை நன்னா யோசிச்சு வை. அப்புறம் மாத்தாதே. மாத்தினா இலையெல்லாம் கொட்டிடும்" என்றேன்.

"என்னை மட்டும் மாத்தலாமா மாமா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

புனே போன பத்தாம் நாள் போன் வந்தது. எல்லா இலையும் கொட்டிவிட்டதாம், என்ன செய்வது என்று. மாலி சொன்ன மூன்று வாக்கியத்தையும் அப்படியே சொன்னேன். தீபாவளிக்கு அவள் அனுப்பிய படத்தில், சமையலறை ஜன்னலோரம், குச்சி போல ஒரு தண்டு. அதில் ஐந்து புது இலைகள்.